புயலின் வழி கண்ட பிடிங்டன்

வங்கக் கடலில் புயல் உருவாயிற்று என்ற செய்தி கிடைத்ததும் புதுச்சேரித் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை நாம் அறிவோம். பகலில் கூண்டின் வடிவமும் இரவில் விளக்கின் நிறமும் வரவிருக்கும் இடரின் அளவைக் காட்டும். கூண்டின் எண்ணைக் கேட்ட அளவிலேயே வைத்திக்குப்பத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் வீராம்பட்டினத்திலும் வாழும் மீனவர் தம் படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டுவர். புயல் எங்கே நிற்கிறது, எத்திசை நோக்கி நகர்கிறது, எப்பொழுது கரையைக் கடக்கும் என்பவையெல்லாம் நமக்கு முன்னரே தெரிந்துவிடுகின்றன. ஆனால், இற்றைக்கு இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரையில் கப்பலோட்டி வந்தவர்களுக்கு இவற்றுள் ஒன்றுமே தெரியாது.

1761ஆம் ஆண்டு பிறந்த வேளையில் புதுச்சேரி முற்றுகைக்கு உள்ளாகியிருந்தது. நகரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. தரைப்பக்கத்தில் ஆங்கிலத் தளபதி கூட் படையொடு சூழ்ந்திருந்தார். கடற்பக்கத்தில் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் காவல் நின்றன. புதுவைக்கு அந்நாளில் காப்பான துறை கிடையாது. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க வேண்டும். அந்நிலையில் புத்தாண்டையொட்டி வீசிய சூறாவளியில் 'சண்டர்லாந்து', 'தியூக் தக்கித்தேன்' முதலிய கப்பல்கள் கடலில் மூழ்கின. 'நியூகாசில்', 'குயின்பரோ', 'புரொட்டெக்டர்' என்னும் மூன்றும் கரையில் மோதி உடைந்தன. ஏறத்தாழ 1,100 ஐரோப்பியர் ஒரே புயலில் மாண்டனர். முற்றுகை தளர்ந்தது என்று நகரத்தார் சிறிது மூச்சு விட்டனர். ஆயினும் எஞ்சிய கப்பல்கள் சில நாள்களில் மீண்டும் கூடிவிட்டன. ஜனவரி 16ஆம் நாள் நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை உயிர் நீத்ததும் அதே மாதத்தில்தான்.

மூழ்கிய கப்பல்களில் இருந்தவர்கள் தொழில் அறியாதவர்கள் அல்லர். பல கடல்களைக் கண்டவர்கள். நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடுவதா, நின்ற இடத்திலேயே நிற்பதா, ஓடுவதாயின் எப்பக்கம் ஓடுவது என்ற வினாக்களுக்கு விடை கூறும் நூல் எதுவும் அவர்களிடம் இல்லை. அத்தகைய நூலை எழுதியவர் அந்நிகழ்ச்சிக்கு 36 ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஹென்றி பிடிங்டன் என்பவர்.

பிடிங்டன் 1797ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சசெக்சு மாவட்டத்தில் பிறந்தார். இளமையிலேயே கப்பலில் சேர்ந்து, கீழ்த்திசை நாடுகளுக்கும் சீனத்துக்கும் சென்றுவரும் வணிகக் கப்பல்களில் பணியாற்றி, மீகாமன் என்னும் தலைமை நிலைக்கு உயர்ந்தார். பின்னர்க் கடல் வாழ்வை விட்டுக் கல்கத்தாவில் தங்கினார். கரையேறிய மாலுமிகளுட் பலர் பழங்கதை பேசியே காலங் கழிப்பர். பிடிங்டனோ ஓய்ந்திருக்க அறியாதவர். இந்தியச் செடிகொடிகளின் பெயர்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். பருத்திக்கும் புகையிலைக்கும் ஏற்ற மண் எது என ஆராய்ந்தார். வேளாண்மைச் சங்கத்திலும் வங்காள ஆசியக் கழகத்திலும் செயலாளர் பணிகளை மேற்கொண்டார். நிலத்திலிருந்து கிடைக்கும் பயன்பொருள்களைத் தொகுத்து வைத்த அரசாங்கக் காட்சிச்சாலைக்குக் காப்பாளராகவும், கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். இத்தனை அலுவல்களுக்கு இடையே, ஊதியம் கருதாமல் அவர் செய்த பணி ஒன்றே அவர் பெயரை இன்றளவும் நிறுத்தியுள்ளது. அதுவே புயல்களின் வழியை ஆராய்ந்த பணி.

அப்பணிக்கு வித்திட்டவர் இருவர். ஒருவர் அமெரிக்காவிலிருந்த வில்லியம் ரெட்ஃபீல்டு. அவர் இளமையில் குதிரைச் சேணம் செய்யும் தொழில் பயின்றவர். 1821ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் வாழ்ந்த பகுதியைப் பெரும்புயல் ஒன்று தாக்கி, உள்நாட்டிற்குள் சென்று அடங்கியது. பின்னர் அவர் அவ்வழியே நடந்து சென்றபோது, விழுந்து கிடந்த மரங்களை உற்று நோக்கினார். ஓரிடத்தில் மரங்களின் தலைகள் வடமேற்கு நோக்கிக் கிடந்தன. தொலைவிலுள்ள மற்றோரிடத்தில் அவை தென்கிழக்கு நோக்கிக் கிடந்தன. ஒரே புயல் இருவேறு இடங்களில் எதிர்த்திசைகளில் மரங்களைச் சாய்த்தது எப்படி? காற்று நேராக வீசவில்லை, சக்கரம்போலச் சுழன்றுகொண்டே நகர்ந்திருக்கிறது என்று அவர் தெளிந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1831இல், அக்கருத்தை எழுதி வெளியிட்டார். மற்றொருவர் ஆங்கிலப் பொறியியற் படையைச் சேர்ந்த வில்லியம் ரீடு. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோசு 1831இல் புயலால் சிதைந்தபோது அங்கு அனுப்பப்பட்ட அவர், புயல்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி 1838இல் ஒரு நூலை வெளியிட்டார். அந்நூல் பிடிங்டன் கையை அடைந்தது.

அப்போது பிடிங்டனுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. நூலைப் படித்தவுடன் அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. அட்லாண்டிக் கடலில் மெய்யாகும் விதி வங்கக் கடலிலும் மெய்யாகுமா? 1839ஆம் ஆண்டு சூன் திங்களில் வங்கக் கடலில் ஒரு சூறாவளி எழுந்தது. அதனையே தம் முதல் ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் கைக்கொண்ட முறை எளியது. ஆனால், பொறுமையைப் பெரிதும் வேண்டுவது. அக்காலத்தில் தந்தி இல்லை, வானொலி இல்லை, வானிலிருந்து நோக்கும் துணைக்கோள்களைக் கனவிலும் எவரும் கண்டதில்லை. புயல் கடந்து சென்ற பின்னரே அதன் அடிச்சுவட்டைத் தேட முடியும். ஒவ்வொரு கப்பலிலும் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறிக்கும் ஏடு ஒன்று உண்டு. காற்று எத்திசையிலிருந்து வீசியது, பாரமானியின் அளவு எவ்வளவு இறங்கியது, பாய்கள் எப்போது கிழிந்தன என்பவை அதில் மணிவாரியாக எழுதப்பட்டிருக்கும். புயலில் சிக்கி மீண்ட கப்பல் எதுவாயினும், அதன் ஏட்டைப் பெற்றுப் படியெடுத்தார் பிடிங்டன். துறைமுக அலுவலர்க்கும், மாவட்டங்களில் இருந்த அரசாங்க அதிகாரிகளுக்கும், மருத்துவர்க்கும், தோட்டக்காரர்க்கும் கடிதம் எழுதி, அவரவர் ஊரில் காற்று எப்போது எத்திசையில் திரும்பியது என்று வினவினார். அரசாங்கமும் அவர் முயற்சிக்குத் துணை நின்றது.

வந்து சேர்ந்த செய்திகள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்தவில்லை. கப்பல் ஏடுகள் சிலவற்றில் நாள் நண்பகலில் தொடங்கியது. நிலத்தில் வாழ்வோர்க்கோ நள்ளிரவில் தொடங்கியது. இதனால் ஒரே நிகழ்ச்சி இரண்டு தேதிகளில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் பாரமானி மற்றொருவருடையதற்கு ஒத்திராது. உயிருக்கு அஞ்சிய வேளையில் எழுதிய குறிப்புகளில் பிழையும் மிகையும் கலந்திருக்கும். தாம் மாலுமியாக இருந்தமையால் எக்குறிப்பு நம்பத்தக்கது, எது அச்சத்தில் எழுந்தது என்பதை அவரால் பிரித்தறிய முடிந்தது. கல்வியிற் சிறந்த வேறோர் அறிஞர் இவ்வேலையில் புகுந்திருந்தால் பாதி வழியில் சலித்திருப்பார் என்றே தோன்றுகிறது. பிழைகளைக் களைந்து, ஒவ்வொரு கப்பலையும் அது நின்ற இடத்தில் கடற்படத்தில் குறித்து, அங்கு வீசிய காற்றை ஓர் அம்பாக வரைந்தார். ஒரே வேளைக்குரிய அம்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அவை ஒரு வட்டமாகச் சூழ்ந்து நின்றன. அடுத்த நாளுக்குரிய அம்புகளும் வட்டமாகவே நின்றன. ஆனால், வட்டம் இடம் பெயர்ந்திருந்தது. அவ்வட்டங்களின் நடுப்புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். அக்கோடே புயல் வந்த வழி.

இவ்வாறு அவர் ஆராய்ந்தெழுதிய கட்டுரைகள் இருபதுக்கு மேற்பட்டன. அவை ஆசியக் கழகத்தின் இதழில் ஆண்டுதோறும் வெளிவந்தன. வங்கக் கடலிலும், நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயுள்ள பிற கடல்களிலும் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. தென்பாதியில் கடிகார முள்ளைப் போலவே சுழல்கிறது. நடுவில் காற்றடங்கிய ஓரிடம் உண்டு. சுழலும் விரைவு வேறு, நகரும் விரைவு வேறு. மரங்களை வேரொடு பறிக்கும் வேகத்தில் சுழலும் புயல், வண்டி மாடு நடக்கும் வேகத்தில் நகர்வதும் உண்டு. இவ்வுண்மைகளை வங்கக் கடலுக்கு உரியனவாக நிலைநாட்டியவர் அவரே.

ஆராய்ச்சிக் கட்டுரையை மாலுமி படிப்பானா? படிக்கமாட்டான் என்பது பிடிங்டனுக்கு நன்கு தெரியும். ஆதலால், அவர் ஒரு சிறு கருவியைச் செய்தார். கொம்பை மெல்லிய தகடாக்கினால் அது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் தன்மையுடையதாகும். அத்தகைய தகட்டில் வட்டங்களையும் அவற்றைச் சூழக் காற்றின் திசைகளையும் வரைந்தார். வடபாதிக்கு ஒரு தகடு, தென்பாதிக்கு ஒரு தகடு. கடற்படத்தில் தன் கப்பல் நிற்கும் இடத்தின்மேல், அப்பொழுது வீசும் காற்றுக்குரிய புள்ளி பொருந்துமாறு தகட்டை வைத்தால், புயலின் நடு எப்பக்கம் உள்ளது என்பது புலப்படும். காற்றின் திசை மாறமாறத் தகட்டை நகர்த்தினால் புயல் செல்லும் வழியும் தெரியும். இத்தகடுகளை இணைத்து அவர் 1848இல் வெளியிட்ட பெருநூல், மாலுமிகளின் கொம்பேடு என்ற பொருள்படும் பெயரைப் பெற்றது. பழங்காலத்தில் இங்கிலாந்துச் சிறுவர் எழுத்துக் கற்ற சுவடிக்கும் கொம்பேடு என்றே பெயர். புயலின் அரிச்சுவடியை மாலுமிக்குக் கற்பிக்கும் நூல் என்பது குறிப்பு. பின்னர் இன்னும் எளிய நடையில், உரையாடல் வடிவிலும் ஒரு நூல் எழுதினார்.

அவர் கற்பித்த பாடத்தை நம் கடற்கரையில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம். புதுவைக்குக் கிழக்கே கடலில் ஒரு புயல் நிற்கிறது என்று கொள்வோம். அப்போது நம் ஊரில் வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும். காற்றை எதிர்நோக்கி நின்று வலக்கையை நீட்டினால், கை காட்டும் பக்கத்தில் ஏறக்குறையப் புயலின் நடு இருக்கும். காற்று வடக்கிலிருந்து வடகிழக்காகி, பின்பு கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாக மாறினால், புயல் நமக்குத் தெற்கே கடக்கிறது. கடல்நீர் கரையின்மேல் தள்ளப்படும். வடக்கிலிருந்து வடமேற்காகி, மேல்காற்றாக மாறினால் புயல் நமக்கு வடக்கே கடக்கிறது. காற்று திடீரென அடங்கி வானம் தெளிந்ததாயின், புயல் ஓய்ந்ததென்று மகிழ்ந்து வெளியே செல்பவன் அறிவிலி. புயலின் நடுவே நம் தலைமேல் நிற்கிறது. சிறிது பொழுதில் எதிர்த்திசையிலிருந்து காற்று மோதும். திசைகாட்டும் கருவி எதுவும் இல்லாமல், கூரையின் கீழ் நின்றபடி ஒரு சிறுவனும் செய்யக்கூடிய கணக்கு இது.

பிடிங்டனின் கருத்துக்குக் கடலே சில சான்றுகளைத் தேடி அளித்தது. 1845ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'சார்லசு ஹெடில்' என்னும் சிறு கப்பல் மொரீசியசுத் தீவின் அருகே புயலில் அகப்பட்டது. காற்று தள்ளிய பக்கமெல்லாம் ஓடுவதன்றி அதற்கு வேறு வழியில்லை. ஐந்து நாள்கள் இவ்வாறு ஓடியது. 1,000 மைலுக்கு மேல் ஓடியும், புறப்பட்ட இடத்திலிருந்து அது விலகியிருந்தது சுமார் 350 மைல்தான். செக்கு மாட்டைப்போலப் புயலின் நடுவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது! அதன் ஏட்டைப் பெற்ற பிடிங்டன் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அதற்கு முந்தைய நவம்பரில் அந்தமான் தீவுகளின் அருகே நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. படைவீரரையும் அவர்தம் குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு 'பிரிட்டன்' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்தும், 'ரன்னிமீடு' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்தும் கல்கத்தா நோக்கி வந்தன. ஒன்றை ஒன்று அறியாமலே இரண்டும் ஒரே புயலில் சிக்கின. இரவில் எழுந்த பேரலை இரண்டையும் பாறைகளுக்கு மேலாகத் தூக்கிச் சென்று ஒரே தீவின் சதுப்புக் காட்டில் வைத்தது. பொழுது விடிந்தபோது ஒரு கப்பலில் இருந்தோர் மற்றொன்றைக் கண்டு திகைத்தனர். 600க்கும் மேற்பட்டோர் அங்கு உயிர் தப்பினர். இவ்விரு கப்பல்களின் குறிப்புகளையும் ஒப்பிட்டு அப்புயலின் வழியையும் அவர் வரைந்தார்.

இத்தகைய காற்றுக்கு அதுவரை பொதுப்பெயர் இல்லை. ஒருவர் சூறை என்றதை மற்றொருவர் பெருங்காற்று என்றார். வேறொருவர் வெறும் புயல் என்றார். சுழன்று வீசுவது என்பதைத் தெளிவாகக் காட்டும் சொல் ஒன்று வேண்டுமென்று எண்ணிய பிடிங்டன், சுருண்டு கிடக்கும் பாம்பின் வளையத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து, 'சைக்ளோன்' என்ற பெயரை ஆக்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல் கல்கத்தாவில் பிறந்தது. நம் மொழியிலோ புயல் என்ற சொல்லுக்கு முற்காலத்தில் மேகம், மழை என்னும் பொருள்களே இருந்தன. வள்ளுவரும் மழையைக் குறிக்கவே அதனை ஆண்டுள்ளார். காற்றையும் மழையையும் ஒரே சொல்லால் குறித்த வழக்கில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. அதனைக் காணப் புயலைப் பின்தொடர்ந்து நிலத்திற்குள் செல்ல வேண்டும்.

கடலோடிகளுக்குப் புயல் கரையேறியவுடன் அதன் கதை முடிந்தது. பிடிங்டன் அங்கே நிற்கவில்லை. 1842ஆம் ஆண்டு ஒரிசாக் கரையில் ஏறிய ஒரு புயலை, உள்நாட்டுக் கடிதங்களின் துணைகொண்டு கயைப் பக்கம் வரை பின்தொடர்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் சென்னையைத் தாக்கிய புயலொன்று தமிழ்நாட்டின் குறுக்கே நடந்து, தீபகற்பத்தைக் கடந்து, மேலைக் கடலில் இறங்கியதை அவர் கண்டறிந்தார். கிழக்குக் கடலில் ஒரு புயலும் மேற்குக் கடலில் மற்றொரு புயலும் எழுந்தன என்று பிறர் எண்ணியிருக்கக்கூடிய இடத்தில், ஒரே புயலின் நெடுவழியை அவர் கண்டார்.

நிலத்தில் ஏறிய புயல் வலுவிழப்பது ஏன்? வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவியே அதற்கு உணவு. நீராவி குளிர்ந்து மழைத்துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் சுழற்சியை வளர்க்கிறது. நிலத்தை அடைந்ததும் அவ்வுணவு குறைகிறது. காடும் மேடும் ஊரும் காற்றை உரசித் தடுக்கின்றன. எனவே காற்று தணிகிறது. இவ்வுண்மையைப் பிடிங்டன் அறிந்திலர். புயலுக்கு வானிலுள்ள மின்னாற்றலே காரணம் என்று அவர் கருதினார். புயல் செல்லும் வழியை நுணுகிக் கண்ட அவர், அது பிறக்கும் காரணத்தில் தவறினார். இதனால் அவர் வரைந்த கோடுகளின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. மாலுமிக்கு வேண்டியிருந்தவை அக்கோடுகளே.

காற்று தணிந்தாலும் புயல் சுமந்துவந்த நீர் உடனே தீர்ந்துவிடுவதில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகத்தை மட்டும் நோக்கினால் அது பெரும்புயல் அன்று. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் புதுவையையும் கடலூரையும் சிதைத்த தானே புயல் அதனினும் கொடியது. ஆயினும், கரை கடந்த பின் ஃபெஞ்சல் நகர மறுத்தது. பல மணி நேரம் புதுவைப் பக்கத்திலேயே நின்று பொழிந்தது. ஒரு நாளில் நகரில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதற்கு முன் 2004ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பெய்த 21 சென்டிமீட்டரே அங்குப் பெருமழையாகக் கருதப்பட்டு வந்தது. பின்னர் அது வலுவிழந்து, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற சிறிய பெயரோடு மேற்கே சென்றது. வானிலையைக் கூர்ந்து நோக்கும் ஆர்வலர் பலர் ரேடார்ப் படங்களையும் ஊர்தோறும் பதிவான மழையளவுகளையும் ஒப்பிட்டு, மணிக்கொரு முறை அதனைப் பின்தொடர்ந்தனர். பெயர் சிறுத்ததே ஒழிய மழை சிறுக்கவில்லை. கடலிலிருந்து தொலைவிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன. சாத்தனூர் அணையிலிருந்து பெருகிய வெள்ளம் தென்பெண்ணை ஆற்றின் வழியே கீழிறங்கி, புயல் கடந்து போய்விட்டதென்று இருந்த கடலூரையும் புதுவையைச் சேர்ந்த பாகூர் ஊர்களையும் சூழ்ந்துகொண்டது. மேற்கே சென்ற புயல் ஆற்றுவழியே திரும்பி வந்தது என்றே கூறலாம்.

பிடிங்டன் வாழ்ந்த காலத்தில் மழையை விடக் கொடியதாக இருந்தது புயலோடு எழும் கடற்பெருக்கு. புயலின் காற்றுத் தள்ளுவதால் கடல் மலைபோல உயர்ந்து கரைமேல் பாய்வதை அவர் புயலலை என்றார். கோதாவரி கடலொடு கலக்கும் இடத்தருகே கோரிங்கா என்னும் துறைமுக ஊர் இருந்தது. 1789ஆம் ஆண்டு டிசம்பரில் அடுத்தடுத்து எழுந்த மூன்று பேரலைகள் அவ்வூரை விழுங்கின. மீண்டும் எழுந்த ஊரை 1839ஆம் ஆண்டு நவம்பரில் வந்த புயல் அழித்தது. அப்புயலைத் தம் இரண்டாம் கட்டுரையில் ஆராய்ந்த பிடிங்டன், தாழ்ந்த கரைகளில் ஊர் அமைப்பது எத்தகைய இடரை உடையது என்பதை நன்குணர்ந்தார்.

அவ்வுணர்வுதான் அவருடைய முதுமையில் ஒரு கடமையாக வந்து நின்றது. கல்கத்தாத் துறைக்குக் கப்பல்கள் செல்லும் ஹூக்ளி ஆறு தூர்ந்துவருகிறது என்ற அச்சம் வணிகரிடையே பரவியிருந்தது. அதற்கு மாற்றாக, சுந்தரவனக் காட்டை ஒட்டிய மாதலா ஆற்றங்கரையில் ஒரு புதுத் துறைமுக நகரை எழுப்ப அரசாங்கம் எண்ணியது. 1853ஆம் ஆண்டு பிடிங்டன் ஆளுநர் தலைவராகிய டல்ஹவுசிப் பிரபுவுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதி, அதனை அச்சிட்டும் வெளியிட்டார். மாதலா ஆறு நேரே கடலுக்குத் திறந்திருக்கிறது. சுற்றியுள்ள நிலமோ தாழ்ந்தது. என்றேனும் ஒருநாள் பெரும்புயல் வரும்போது கடல் அவ்வாற்றின் வழியே ஏறி வந்து நகரையும் மக்களையும் மூடும் என்று அவர் எச்சரித்தார். தாம் சேர்த்து வைத்திருந்த சான்றுகளையும் எடுத்துக் காட்டினார்.

ஒரு காட்சிச்சாலைக் காப்பாளரின் சொல் பெருந்திட்டத்தை நிறுத்தும் வலிமை உடையதாக இல்லை. 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார். பின்னர் மாதலா ஆற்றங்கரையில் வீதிகள் போடப்பட்டன, கப்பல் துறைகள் கட்டப்பட்டன, விடுதி எழுந்தது, கல்கத்தாவிலிருந்து இருப்புப்பாதையும் வந்தது. புதிய ஆளுநர் தலைவரின் பெயரால் அந்நகரம் கானிங் துறைமுகம் எனப்பட்டது. 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஹூக்ளி ஆற்றின் வழியே ஏறிவந்த புயலலை கல்கத்தாப் பக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பின்னரே கல்கத்தாத் துறையில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறையும் தோன்றியது. புதுவையில் இன்று நாம் காணும் கூண்டுக்கும் மூலம் அந்த ஏற்பாடே.

கானிங் நகரத்துக்கு உரிய நாள் 1867ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆக அமைந்தது. அன்று வந்த புயல் 1864ஆம் ஆண்டின் புயலளவு பெரியதன்று. எழுந்த அலையின் உயரமும் ஆறடி அளவே. தாழ்ந்த அந்நிலத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நீர் நகரை மூடிக் கடந்தது. கப்பல் துறைகளும் கிடங்குகளும் விடுதியும் சிதைந்தன. சில ஆண்டுகளுக்குள் அரசாங்கம் அத்துறைமுகத்தைக் கைவிட்டது. ஆழமுடையதென்று நம்பப்பட்ட மாதலா ஆறும் நாளடைவில் வண்டலால் தூர்ந்தது. துறைமுகத்துக்காகப் போடப்பட்ட இருப்புப்பாதை மட்டும் எஞ்சியது. கல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து இன்றும் ரயில் வண்டிகள் கானிங் வரை செல்கின்றன. சுந்தரவனத்துக்குப் போவோரும், மீன்கூடையோடு நகருக்கு வருவோரும் அதில் ஏறி இறங்குகின்றனர்.